தாயத்துத் தண்ணீரில் தழைத்த வெற்றிலை

எனக்கு மலாய் தெரியும் என்பது எங்கள் தோட்டத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். ஒப்புக்கொள்ளாதவர்கள் மலாய்க்காரர்கள் மட்டும்தான்.

மலாக்கா பக்கம் அலோர் காஜா பசாரில் மீன் கடைகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான். மீன்களின் பெயர், விலையைக் குறைக்கச் சொல்வது, யாராவது ஏசினால் சூடு குறையாமல் திருப்பி ஏசுவது, இவ்வளவுக்கும் என் மலாய் தாராளமாகப் போதும். பிறகு தோட்டத்து ரப்பர் ஆலையில் ஷீட்டுக்குப் புகை போடும் வேலை கிடைத்தது. கல்யாணமும் ஆகி, தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் குடியேறினேன். மாதம் ஒருமுறை டவுனுக்குப் போவதே பெரிய யாத்திரை என்று இருந்த ஜனங்களுக்கு நடுவே, மீன்காரர்களிடம் கற்ற மலாய் என்னைப் பண்டிதனாக்கிவிட்டது.

அவசரகாலம் வந்ததும் பண்டிதனுக்கு வேலை கூடியது. அங்கங்கே சிதறிக் கிடந்த லயங்களையெல்லாம் பெயர்த்து ஒரே திடலில் கொண்டுவந்து போட்டு, சுற்றிலும் முள்கம்பி வேலி அடித்தார்கள். காட்டுக்குள் ஒளிந்து வெள்ளைக்காரச் சர்க்காரோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு நாங்கள் சோறும் அரிசியும் கொடுத்துவிடக் கூடாதாம். வேலிக்கு ஒரே ஒரு கேட். அங்கே துப்பாக்கியோடு ஒரு மலாய்க் காவலர். அவர் ஏதாவது சொன்னால் ஜனங்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எனக்குப் புரிந்த இரண்டு வார்த்தைகளுக்கு நடுவே சொந்தச் சரக்கைப் போட்டு நிரப்பி, கணீரென்று மொழிபெயர்ப்பேன்.

குரல்தான் கணீர். மற்றபடி நான் பெரிய பயந்தாங்கொள்ளி. கேட்டில் அந்தக் காவலர் என் சட்டைப் பையைத் தொட்டால் போதும், நான் செய்யாத குற்றங்களெல்லாம் ஒவ்வொன்றாக எனக்கு ஞாபகம் வந்துவிடும்.

அந்தப் பயத்தால்தான் வெற்றிலை வம்பே ஆரம்பித்தது. என் மனைவியின் தங்கைக்குத் தாய் தகப்பன் இல்லை. எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். அவளுக்குச் சிம்பாங் அம்பாட்டில் மாப்பிள்ளை பார்த்தோம். நிச்சயதார்த்தத்துக்கு மலாக்காவுக்கே போய் நல்ல வெற்றிலையாகப் பார்த்து வாங்கி வந்தேன். கேட்டில் காவலர் வெற்றிலைக் கட்டைப் பார்த்தார். உள்ளே அரிசி ஒளித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நீளமான இரும்புக் கம்பி ஒன்றை எடுத்து அதில் நாலைந்து தரம் குத்தினார். தலையணை, புல்லுக்கட்டு, சாமிக்கு வைத்த பொட்டலம், எதுவானாலும் குத்துவார். அது அவர் வேலை. கட்டைப் பிரித்தே காட்டுகிறேன் என்று சொல்வதற்கு என்னிடம் மலாய் இருந்தது. தைரியம்தான் இல்லை.

மாப்பிள்ளையின் அம்மா தாம்பாளத்திலிருந்து ஒரு இலையை எடுத்தார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.

"இது வெத்தலையா, சல்லடையா?"

சிம்பாங் அம்பாட் ஆட்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை.

"கல்யாணத்தன்னிக்கு எங்க வீட்டுக் கொடியில பறிச்சு வைக்கிறேன் சம்பந்தியம்மா. ஒரு ஓட்டை இருந்தா அப்ப சொல்லுங்க" என்றாள்.

"உங்க வீட்டுல கொடி எங்கம்மா இருக்கு?"

"வைக்கப் போறேன்."

"வைங்க, வைங்க. பாக்கத்தானே போறோம்."

அவர்கள் பஸ் ஏறிப் போன பிறகு என் மனைவி என்னிடம் சொன்னாள்: "இந்தச் சல்லடைப் பேச்சு இப்பவே அழியணும். இல்லேன்னா தங்கச்சி அந்த வீட்டுக்குப் போயி கெழவி ஆனாலும் அவள சல்லடை வீட்டுப் பொண்ணுன்னுதான் கூப்பிடுவாங்க."

மறுநாளே வேலிக்கு வெளியே கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துப் பெண் ஒருத்தியிடம் கொடிக்கணு வாங்கி வந்து, அடுப்படிக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் நட்டாள். மாசியில் கல்யாணம். அதற்குள் கொடி மரத்தில் ஏறித் தழைத்தாக வேண்டும்.

வெற்றிலைக் கொடிக்குக் காலடி ஈரம் காயக் கூடாது. எங்களுக்கோ தண்ணீர் அளந்துதான். ஆற்றங்கரை வேலிக்கு வெளியே, காட்டு ஓரத்தில். அங்கே போக அனுமதி கிடையாது. திடல் நடுவே ஒரு பெரிய இரும்புத் தொட்டி, அதற்கு இரண்டு குழாய். அவ்வளவு லயத்துக்கும் அதுதான். அதனால் என் மனைவி எங்கள் வீட்டுத் தண்ணீருக்கே இன்னொரு அவசரகாலச் சட்டம் போட்டாள். அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர் எல்லாம் பின்பக்கத்து டிரம்முக்குப் போக வேண்டும். கொடியின் அடியில் தேங்காய் மட்டையை ஊறவைத்து வட்டமாக அடுக்கினாள். அதற்கு மேலே, அடியில் ஊசித் துளை போட்ட தேங்காய்ச் சிரட்டை ஒன்றைத் தொங்கவிட்டாள். அது சொட்டுச் சொட்டாக நாள் முழுக்க வடியும். விடியற்காலையில் சிங்க் தகரக் கூரையில் படியும் பனித்தண்ணீரைக்கூட விடவில்லை. மூங்கிலைப் பிளந்து கூரை ஓரத்தில் கட்டி டிரம்முக்கு இழுத்துவிட்டாள்.

கடைசியில் என் குளியலுக்கு வந்தாள். முருங்கை மரத்தடியில் ஒரு பலகையைச் சாய்வாகப் போட்டு, அதில் நின்று குளிக்கச் சொன்னாள். சோப்புப் போடக் கூடாது, கொடிக்கு ஆகாது. நகர்ந்து நின்றால் தண்ணீர் வழி மாறிவிடும், நகரக் கூடாது. நாள் முழுதும் புகைக்கூடத்தில் வெந்துவிட்டு வருகிறவன் சோப்பில்லாமல், அசையாமல், அபிஷேகத்துக்கு நிற்கிற சாமி மாதிரி நின்று குளித்தேன். கொடி மளமளவென்று வளர்ந்தது. என்மேல் கருவாட்டு வாடை வீசுகிறது என்று ஆலையில் சொல்ல ஆரம்பித்தார்கள்.

தை பிறந்ததும் மழை நின்றது. ஆற்றில் தண்ணீர் வற்றி, தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு காற்றை இழுத்தது. வாரம் ஒருமுறை மலாக்காவிலிருந்து லாரியில் தண்ணீர் கொண்டுவந்து தொட்டியை நிரப்பினார்கள். இந்தச் சமயத்தில்தான் ஒருநாள் தொட்டியின் மேல் புதிதாக ஒரு தகரப் பலகை தொங்கியது. வெள்ளைப் பெயிண்டில் இரண்டே வார்த்தை: ஜிமாட் ஆயேர்.

கூட்டம் வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தது. ஆயேர் என்றால் தண்ணீர். அது குழந்தைக்கும் தெரியும். ஜிமாட்? எனக்குத் தெரிந்த ஜிமாட் ஒன்றே ஒன்றுதான். சிறுவயதில் எனக்கு விடாத காய்ச்சல் வந்தபோது, ரெம்பியா பக்கத்துப் போமோ, அதாவது மலாய் மந்திரவாதி, ஒருவர் மந்திரித்து என் புஜத்தில் கறுப்புத் துணியில் ஒன்றைக் கட்டிவிட்டார். அதற்குப் பெயர் ஜிமாட். அதாவது தாயத்து.

தாயத்துத் தண்ணீர்!

பண்டிதன் அவசரப்படக் கூடாது. உறுதி செய்துகொள்ள கேட்டுக்குப் போனேன்.

"இஞ்சே, அந்தத் தண்ணி... ஜிமாட்?" என்று, இஞ்சே என்ற மரியாதையும் சேர்த்து, மலாயில் கேட்டேன். சந்தேகத்துக்கே இடமிருக்கக் கூடாது என்று புஜத்தையும் தட்டிக் காட்டினேன்.

காவலரின் முகம் மலர்ந்தது. பலகையை ஒருவனாவது படித்துவிட்டான் என்ற சந்தோஷம் அது என்று இப்போது எனக்குப் புரிகிறது. அவரும் தன் புஜத்தைத் தட்டினார். "யா லா! ஜிமாட்! செமுவா ஓராங் மெஸ்தி ஜிமாட்!"

எல்லோரும், கட்டாயம், ஜிமாட்.

சர்க்கார் எதற்காக எங்களுக்குக் கட்டாயமாகத் தாயத்துத் தண்ணீர் கொடுக்கிறது? சும்மா கொடுக்குமா? பெரிய சண்டை ஏதோ வரப்போகிறது. குண்டு பாயப்போகிறது. வெளியே சொன்னால் ஜனம் மிரளும் என்று தண்ணீரை மட்டும் மந்திரித்து வைத்திருக்கிறார்கள். இவ்வளவையும் கேட்டிலிருந்து வீட்டுக்கு நடக்கிற தூரத்துக்குள் நான் ஆராய்ந்து முடித்துவிட்டேன். வாசலில் பக்கத்து வீட்டு அக்கா ரப்பர்ப் பால்வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். வயதில் பெரியவர், பால்வெட்டில் கெட்டிக்காரர். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு அவரிடம் மட்டும் சொன்னேன்.

"மெய்யாவா தம்பி? குண்டு படாதா?"

"சர்க்காரே சொல்லுதுக்கா. நான் என்னாத்த சொல்ல?"

அக்கா வாளியைப் போட்டுவிட்டு ஓடினார்.

நான் வீட்டுக்குள் ஓடினேன். என் மனைவிக்குக் களைவெட்டு வேலை, மாலையில்தான் திரும்புவாள். தாயத்துத் தண்ணீர் பிடிக்கப் பெரிய பாத்திரம் வேண்டும். வீட்டில் பெரிய பாத்திரம் என்றால் அந்த டிரம் ஒன்றுதான். அதில் விளிம்பு வரைக்கும் கொடிக்காக அவள் சேர்த்த மந்திரமில்லாத சாதாரணத் தண்ணீர் இருந்தது. சாக்கடைப் பக்கம் சாய்த்துக் கொட்டினேன். எந்தத் தயக்கமும் இல்லாமல், முழுவதையும் கொட்டினேன். காலி டிரம்மை உருட்டிக்கொண்டு தொட்டிக்குப் போனேன்.

திடலே அங்கே இருந்தது. மண்ணெண்ணெய்த் தகரம், சோற்றுப் பானை, பிராந்தி பாட்டில், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் பாட்டில் என்று ஆளாளுக்கு ஏந்திக்கொண்டு நின்றார்கள். ஒருவர் தன் ஆட்டைக் குழாயடியில் நிறுத்திக் குளிப்பாட்டினார். இன்னொருவர் சைக்கிளைக் கழுவினார். சைக்கிளில் போகும்போதுதானே சுடுவார்கள் என்றார். நியாயமாகத்தான் பட்டது. கலவரத்தைப் பார்த்துக் காவலர் கேட்டிலிருந்து ஓடி வந்தார். இரண்டு கையையும் விரித்து, "ஜிமாட்! ஜிமாட்!" என்று கத்தினார். ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டு, "ஜிமாட்!" என்று பதிலுக்குக் கத்திவிட்டு இன்னும் வேகமாகப் பிடித்தார்கள்.

என் முறை வந்தபோது குழாய் இருமியது. ஒரு செம்பு அளவு கக்கிவிட்டு நின்றுபோனது.

மாலையில் என் மனைவி வந்து டிரம்மைப் பார்த்தாள். நான் விஷயத்தை விளக்கினேன். சண்டை, குண்டு, சர்க்காரின் ரகசியம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் டிரம்முக்குள் தலையை விட்டு அடிவரைக்கும் பார்த்தாள்.

"கொடிக்கு?" என்றாள்.

மூன்றாம் நாள் தகவல் போய், மலாக்காவிலிருந்து லாரி வந்தது. டிரைவர் டவுனில் பிறந்து வளர்ந்த தமிழர். ஜனங்கள் பால்வெட்டப் போயிருந்த நேரம், பக்கத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன். தொட்டியைத் தட்டிப் பார்த்தார். ணங்கென்றது.

"என்னய்யா இது, ஒரு வாரத் தண்ணிய ஒரே நாள்ல முடிச்சிட்டீங்க? ஜிமாட்னு பலகை போட்டிருக்கே, பாக்கல?"

"பாத்துட்டுத்தாண்ணே முடிச்சோம்" என்றேன்.

"என்னது?"

"ஜிமாட்னா தாயத்துதானேண்ணே?"

அவர் லாரியின் கதவைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியது. "தாயத்தும் ஜிமாட்தான், சிக்கனமும் ஜிமாட்தான்யா! தண்ணிய சிக்கனமா செலவு பண்ணுன்னு போட்டிருக்கான். எந்தப் புண்ணியவான் உங்களுக்கு மலாய் சொல்லிக் குடுத்தது?"

"யாரோ சொன்னாங்கண்ணே" என்றேன்.

அன்று அரை லாரித் தண்ணீர்தான் கிடைத்தது. வீட்டுக்கு ஒரு வாளி, குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்று கங்காணி மண்டோர் குழாயடியில் பிரம்போடு நின்றார். செடிக்கு ஊற்றுகிறவன் வாளியைப் பிடுங்கிக்கொள்வேன் என்றும் சொன்னார். அவர் செடி என்று சொன்னபோது என்னைத்தான் பார்த்தார்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவசரகாலத்தில் ஊர்த் தண்ணீரைக் காலி செய்யத் தூண்டிவிட்டவனை என்ன செய்வார்கள்? நாடு கடத்துவார்கள். நான் அலோர் காஜாவில் பிறந்தவன். என்னை எந்த நாட்டுக்குக் கடத்துவது? நாகப்பட்டினத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? அங்கே மீன்காரர்களிடம் என்ன பாஷை பேசுவது? அங்கே தமிழ்தான் பேசுவார்கள் என்று எனக்கு உறைப்பதற்கே ஒருநாள் ஆயிற்று. வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

ஆனால் கொடி என் முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. சிரட்டை காய்ந்துவிட்டது. மட்டை காய்ந்துவிட்டது. இலைகள் முனை சுருண்டு, மரத்தோடு ஒட்டிக் கிடந்தன. என் மனைவி தன் பங்குக் குடிதண்ணீரைக் குடிக்காமல் கொண்டுபோய் ஊற்றுவதை அடுப்படிச் சந்து வழியாகப் பார்த்தேன். அதற்கு மேல் பொறுக்க முடியாமல், டிரைவர் சொன்னதை அவளிடம் சொல்லிவிட்டேன்.

ஏசுவாள் என்று தயாராக நின்றேன். அவள் ஏசவில்லை. என்னைக் கடந்து லயத்து வரிசையைப் பார்த்தாள்.

"அப்ப லயம் பூரா தண்ணி பாட்டில்ல கெடக்கு" என்றாள். "காலையில பெரட்டுல எல்லாரும் இருப்பாங்க. உள்ளத சொல்லி வீட்டுக்கு ஒரு செம்பு கேளுங்க."

பெரட்டு என்பது விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டம். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அங்கே நான் சரியாக மொழிபெயர்த்தேன். அது தாயத்து இல்லை, சிக்கனம். தப்பு என் மேல்தான் என்றேன். ஒருவர்கூட நம்பவில்லை.

"ஏன் தம்பி, தண்ணி வேணும்னா வாய்விட்டுக் கேக்குறதுதானே?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. "இருக்கிறத எங்ககிட்டேருந்து புடுங்க இப்படியா பொய் சொல்லணும்?"

"காவலரையே கேளுங்கக்கா!"

கேட்டார்கள். பத்துப் பேர் ஒன்றாகப் புஜத்தைத் தட்டி, "ஜிமாட்?" என்றார்கள்.

"பெத்துல், ஜிமாட்!" என்று அவரும் புஜத்தைத் தட்டினார். சரி, ஜிமாட்தான்.

ஆட்டைக் குளிப்பாட்டியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பால்வெட்டப் போனார்.

வேலை முடிந்து வந்ததும் என் மனைவியே கிளம்பினாள். நான் பின்னாலேயே போனேன். அவள் அக்கா வீட்டு வாசலில் நின்று, வரிசை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்: "அக்கா, பாட்டில்ல வச்ச தண்ணி எத்தினி நாளைக்கு நிக்கும்? பாசி புடிச்சிரும். கொடியில ஊத்துனா எலைக்கு எலை ஏறிக்கும்ல? கல்யாணத்துக்கு வாங்க. ஆளுக்கு ஒரு எல."

அக்கா யோசித்தார். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அடியில் ஏற்கெனவே பச்சையாக ஏதோ படிந்திருந்தது.

அன்று மாலையே எங்கள் பின்பக்கத்தில் வரிசை நின்றது. சோற்றுப் பானை வந்தது, பிராந்தி பாட்டில் வந்தது. ஒவ்வொருவராக வந்து, சிந்தாமல், கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினார்கள். சிரட்டை மறுபடி சொட்ட ஆரம்பித்தது.

"பொய் சொல்லித்தானே வாங்கறோம்" என்று அவள் காதில் முணுமுணுத்தேன்.

"பொய்ய நட்டது நீங்க. நான் தண்ணிதான் ஊத்துறேன்."

கல்யாணம் வேலிக்குள்ளேயே, தோட்டத்துக் கோயிலில். காலையில் என் மனைவி மரத்தில் ஏணி வைத்துத் தானே பறித்தாள். உள்ளங்கை அகலத்துக்கு இலை, எண்ணெய் பூசியது போலப் பளபளப்பு. சம்பந்தியம்மாள் வந்ததும் வராததுமாகத் தாம்பாளத்துக்குப் போனார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பிப் பிடித்தார். இன்னொன்றை எடுத்தார். ஓட்டை இல்லை. உம் என்று கீழே வைத்தார். என் மனைவி மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, தாம்பூலம் சுற்றி வந்தது. தோட்டத்து ஜனங்கள் ஆளுக்கு ஒரு இலையை இரண்டு கையாலும் வாங்கினார்கள். வாங்கியதும் ஒருவர் சட்டைப் பையில் நெஞ்சோடு வைத்து அழுத்தினார். ஒருத்தி கொண்டைக்குள் செருகினாள். அக்கா முந்தானையில் முடிந்து, முடிச்சை இடுப்பில் சொருகினார். ஆட்டுக்காரர் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார். பந்தலில் ஒருவர்கூட வெற்றிலையை மெல்லவில்லை.

சம்பந்தியம்மாள் நாலு பக்கமும் பார்த்தார். சிம்பாங் அம்பாட் ஆட்களும் பார்த்தார்கள்.

"எல பாக்க நல்லாத்தான் இருக்கு" என்றார் மெதுவாக. "ஆனா உங்க ஆளுங்களே ஒருத்தரும் வாயில போடலியே. அவ்வளவு கசப்பா?"

மாப்பிள்ளை பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மணவறையில் தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். என் மனைவி என்னைப் பார்த்தாள்.

யாராவது ஒருவர் மென்றே ஆக வேண்டும். நான் பாய்ந்து ஒரு இலையை எடுத்தேன். அளவெல்லாம் பார்க்கவில்லை. சுண்ணாம்பு டப்பாவில் விரலை விட்டு வழித்து, இலை முழுக்கத் தடவி, பாக்கையும் போட்டு மடித்து, எல்லோரும் பார்க்க வாயில் திணித்து மென்றேன்.

சாதாரணமாக ஒரு ஊருக்குப் போதுமான சுண்ணாம்பு அது. நாக்கு வெந்தது. காது வழியாக ஆவி வருவது போல இருந்தது. துப்பினால் கசப்பு என்று ஆகிவிடும். துப்பவில்லை. தலையை ஆட்டி ஆட்டி மென்றேன். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. மூக்கிலிருந்தும் கொட்டியது.

"அய்யய்யோ, தாயத்த மென்னு முழுங்குறாரே!" என்றார் அக்கா.

சம்பந்தியம்மாள் அதைக் காதில் வாங்கவில்லை. என் கண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"இந்தக் காரமா!" என்றார். "புதுக்கொடி எலையில இந்தக் காரம் வராதே."

அவரும் ஒன்றை எடுத்தார். சுண்ணாம்பை அளவாகத் தொட்டுத் தடவி, நரம்பைக் கிள்ளி, மடித்துப் போட்டுக்கொண்டார். நிதானமாக மென்றார். பந்தலே அவர் வாயைப் பார்த்தது.

"காரம் இருக்கு" என்றார். "வாசமும் இருக்கு. மலாக்கா எலையெல்லாம் இதுகிட்ட நிக்காது. கொடியில ஒரு கணு வெட்டிக் குடும்மா, பொண்ணு கையில குடுத்து விடு. எங்க வீட்டுலயும் அவ வைக்கட்டும்."

தங்கை தலை நிமிர்ந்தாள். என் மனைவி கத்தி எடுக்க வீட்டுக்குக் கிளம்பினாள். போகிற வழியில் என் கையிலிருந்த சுண்ணாம்பு டப்பாவை வாங்கிக்கொண்டு போனாள்.